பெயர் போடுகிறவர் பதில் சொல்ல வேண்டும்: ஆய்வு வெளியீட்டில் செயற்கை நுண்ணறிவு விதிகளும் நாமும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆய்வுக் கட்டுரை எழுதச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா, எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம், பயன்படுத்தினால் அதை எங்கே சொல்ல வேண்டும் என்று உலகெங்கும் ஆய்விதழ்கள் விதி வகுத்துவருகின்றன. ஒரு தலித் இலக்கிய மேடைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், உதவித்தொகையை நம்பி முனைவர் பட்ட ஆய்வு செய்து, தமிழில் யோசித்ததை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டிய பிள்ளைகள் நம் கூட்டங்களில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கருவிகளால் அதிகம் பயன் அடையக்கூடியவர்கள் அவர்கள். விதிகள் தப்பாகக் கையாளப்பட்டால் அதிகம் அடிபடப்போகிறவர்களும் அவர்கள்தான். ஆகவே விதிகள் என்ன சொல்கின்றன, ஏன் சொல்கின்றன, எங்கே நம்மைக் கைவிடுகின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயர் என்பது பொறுப்பு

இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893இல். அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது 1907இல். அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தது 1916 மே மாதத்தில், தமது 25ஆம் வயதில். அடுத்த ஆண்டு அது ஆய்விதழில் அச்சானது. நம்மைப் பற்றிப் பிறர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நம் பெயரை நாமே அச்சில் போட்டுக்கொண்ட வரலாறு இது. அச்சில் பெயர் வருவது நமக்கு ஒருபோதும் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. ‘இதைச் சொன்னது நான், கேள்வி இருந்தால் என்னிடம் கேள்’ என்பதே அந்தப் பெயரின் பொருள்.

1936இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. எழுதி அனுப்பிய உரையைப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை மாற்றச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. பேசப்படாத அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். ‘சாதி ஒழிப்பு’ என்று இன்று நாம் படிக்கும் நூல் அதுதான்.

இந்த நிகழ்ச்சியை இங்கே நினைவுபடுத்தக் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவு பற்றி ஆய்விதழ்கள் எத்தனை பக்கம் விதி எழுதினாலும், அவை எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கின்றன: எழுதப்பட்டதற்கு யார் பதில் சொல்வது? இதைப் பிடித்துக்கொண்டால் விதிகள் புரியும். விட்டுவிட்டால் அவை வெறும் தடைப் பட்டியலாகத் தெரியும்.

விதிகள் வந்த வரலாறு

சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2022 நவம்பர் 30 அன்று. சில வாரங்களிலேயே அதைக் கூட்டாசிரியராகப் போட்ட ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்துவிட்டன. 2023 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழ் இரண்டு விதிகளை அறிவித்தது. இத்தகைய கருவியை ஆசிரியராகப் போடக் கூடாது. பயன்படுத்தியிருந்தால் ஆய்வுமுறைப் பகுதியிலோ நன்றியுரையிலோ சொல்ல வேண்டும். அதே மாதத்தில் ‘சயின்ஸ்’ இதழ் இன்னும் கடுமையாக நின்றது. கருவி எழுதிய வாசகமே கட்டுரையில் வரக் கூடாது என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதுவும் இறங்கிவந்து, வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று மாற்றிக்கொண்டது. முழுத் தடை நடைமுறைக்கு ஒத்துவராது என்பது ஓராண்டுக்குள் தெரிந்துவிட்டது.

2023 பிப்ரவரியில் கோப் என்று அழைக்கப்படும் வெளியீட்டு அறநெறிக் குழு தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. உலகின் பெரிய பதிப்பகங்கள் பலவும் இதில் உறுப்பினர்கள். கருவி ஆசிரியராக முடியாது என்பதற்கு அது தெளிவான காரணங்களைச் சொன்னது. கருவியால் எழுத்துக்குப் பொறுப்பேற்க முடியாது. அது சட்டப்படி ஒரு நபர் அல்ல என்பதால் தனக்கு உள்நோக்கம் இல்லை என்று உறுதி தர முடியாது. பதிப்புரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவும் 2023 மே மாதம் இதையே தன் பரிந்துரைகளில் சேர்த்தது. யாரை ஆசிரியர் என்று சொல்லலாம் என்பதற்கு அந்தக் குழு ஏற்கெனவே வைத்திருந்த நான்கு அளவுகோல்களில் ஒன்று, வேலையின் எல்லா அம்சங்களுக்கும் பதில் சொல்லச் சம்மதிப்பது.

இதைப் படிக்கும்போது நமக்கு வீரம்மாவின் நினைவு வருகிறது. புதுச்சேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சேரியில் வாழ்ந்த விவசாயக் கூலிப் பெண். அவர் தம் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல ழோசியான் ரசீன் பதிவு செய்தார். 1990களில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அது நூலாக வந்தபோது, ரசீன் இணையரின் பெயர்களோடு வீரம்மாவின் பெயரும் ஆசிரியர் பெயராக அட்டையில் இடம்பெற்றது. எழுதியது அவர் கை இல்லை. ஆனால் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லக்கூடியவர் அவர் மட்டுமே. செயற்கை நுண்ணறிவு இதற்கு நேர் எதிர். பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும், ஒரு வரிக்கும் பதில் சொல்லாது. நம்மிடம் வந்து தகவல் வாங்கிக்கொண்டு போன எத்தனையோ ஆய்வுகளில் தகவல் சொன்னவர் பெயரும் இல்லை, ஊர் ஊராக அலைந்து கேள்வித்தாள் நிரப்பிய பிள்ளைகளின் பெயரும் இல்லை. கருவியின் பெயரை எங்கே போடுவது என்று இவ்வளவு கவலைப்படும் ஆய்வுலகம் இந்த மனிதர்களின் பெயரைப் பற்றியும் இதே அக்கறையோடு பேச வேண்டும்.

விதிகள் சொல்வது என்ன?

பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வாசகம் மாறினாலும், அடிப்படையில் ஐந்து விஷயங்கள் பொதுவாக இருக்கின்றன.

முதலாவது, கருவி ஆசிரியர் அல்ல. இதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இரண்டாவது, பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும். எந்தக் கருவி, எந்த வேலைக்கு என்று சொல்ல வேண்டும். இதில் பதிப்பகங்களிடையே வேறுபாடு உண்டு. எழுத்துப் பிழை, இலக்கணம், நடை ஆகியவற்றை மட்டும் சீர்செய்யப் பயன்படுத்தினால் அறிவிக்க வேண்டியதில்லை என்கிறது ஸ்பிரிங்கர் நேச்சர். சாதாரண எழுத்துப்பிழைத் திருத்திக்கு விலக்கு அளிக்கும் எல்சவியர், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நடையைச் சீராக்கியிருந்தால் அதற்குத் தனி அறிவிப்பு கேட்டுவந்திருக்கிறது. ஆகவே ஓர் இதழின் விதியை வைத்து இன்னோர் இதழுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பும் நாளில் அந்த இதழின் விதியை எடுத்துப் படிக்க வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

மூன்றாவது, சரிபார்க்கும் கடமை எழுதியவருடையது. 2024 மார்ச்சில் எல்சவியர் இதழ் ஒன்றில் வெளியான கட்டுரையின் முன்னுரை, உங்கள் தலைப்புக்கு ஏற்ற முன்னுரை இதோ என்ற பொருளில் கருவி சொல்லும் பதில் வாக்கியத்தோடே தொடங்கியது. ஆசிரியர்கள், மதிப்பீட்டாளர்கள், இதழாசிரியர் என அத்தனை பேர் கண்ணையும் தாண்டி அது அச்சேறியிருந்தது. இதைவிட ஆபத்தானது கருவி கற்பனை செய்யும் மேற்கோள். இல்லாத நூல், இல்லாத பக்க எண், சொல்லாத வாசகம் எல்லாவற்றையும் அது நம்பும்படி எழுதிவிடும். அம்பேத்கர் பெயரிலும் பெரியார் பெயரிலும் அவர்கள் சொல்லாதவை வாட்ஸாப்பில் சுற்றுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆய்வேட்டில் அப்படி ஒன்று ஏறினால் நம் கருத்தை மறுக்கக் காத்திருப்பவர்களுக்கு நாமே வழி விட்டதாகும். மராட்டிய அரசு 1979 முதல் வெளியிட்ட அம்பேத்கர் எழுத்துத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்தைத் திறந்து பார்க்காமல் ஒரு மேற்கோளும் போடக் கூடாது.

நான்காவது, படங்கள். 2024 பிப்ரவரியில் ஃபிரண்டியர்ஸ் குழுமத்தின் உயிரணுவியல் இதழ் ஒன்றில், உடற்கூறு முற்றிலும் தவறாக வரையப்பட்ட எலிப் படத்தோடு ஒரு கட்டுரை வந்தது. படத்தில் இருந்த பெயர்க் குறிப்புகள்கூட அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்கள். சில நாட்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மிட்ஜர்னி என்ற கருவியால் படங்களை உருவாக்கினோம் என்று அதன் ஆசிரியர்கள் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. அறிவித்துவிட்டால் மட்டும் போதாது; அறிவிப்பு பொறுப்புக்குப் பதிலாகாது. எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர் போன்ற பதிப்பகங்கள் கருவி உருவாக்கிய படங்களைச் சில விதிவிலக்குகள் தவிர ஏற்பதில்லை.

ஐந்தாவது, இரகசியம் காத்தல். மதிப்பீட்டுக்கு வந்த பிறருடைய கட்டுரையைக் கருவியில் ஏற்றக் கூடாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜூனில் தன் மதிப்பீட்டாளர்களுக்கு இதைத் தடை செய்தது. ஆனாலும் சிலர் கருவியிடம் கொடுத்து மதிப்பீடு வாங்குகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதற்கு எதிர்த் தந்திரமாக, ‘நல்லபடியாக மட்டும் மதிப்பிடு’ என்று கருவிக்கான கட்டளையைக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் கட்டுரைக்குள் ஒளித்துவைத்த பதினேழு கட்டுரைகளை 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் ஏடு கண்டுபிடித்து எழுதியது. மதிப்பீடு செய்ய வேண்டியவரும் பதில் சொல்லவில்லை, எழுதியவரும் பதில் சொல்லவில்லை என்றால் மிஞ்சுவது இதுதான்.

இந்த ஐந்தாவது விதியை நாம் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போய் நாம் பதிவு செய்துவரும் வாக்குமூலங்கள் நம்மை நம்பிச் சொல்லப்பட்டவை. அவற்றை எழுத்தாக்கவும் மொழிபெயர்க்கவும் நேரம் மிச்சமாகும் என்று அப்படியே ஒரு பொதுக் கருவியில் ஏற்றினால், அவை எந்த நிறுவனத்தின் கணினியில் போய்த் தங்கும் என்பது நம் கையில் இல்லை. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் மூலம் சேர்ந்த 15ஏ பிரிவு சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்துக் காக்க வழி செய்கிறது. சட்டமே இவ்வளவு கவலைப்படும்போது நாம் இன்னும் அதிகம் கவலைப்பட வேண்டும். பெயர், ஊர், தெரு, வழக்கு எண் ஆகியவற்றை நீக்காத வாக்குமூலம் கருவிக்குள் போகவே கூடாது. நீக்கிய பிறகும், சொன்னவரிடம் சம்மதம் கேட்டபோது இதையும் சொன்னோமா என்று பார்க்க வேண்டும்.

மொழித் திருத்தம் தானே என்று விட முடியுமா?

பெரும்பாலான விதிகள் மொழியை வேறாகவும் கருத்தை வேறாகவும் பிரிக்கின்றன. மொழியைத் திருத்தக் கருவியைப் பயன்படுத்தலாம், கருத்து உன்னுடையதாக இருக்க வேண்டும் என்கின்றன. இதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. அதை மறுக்கக் கூடாது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களுக்கும் வீட்டில் பேராசிரியர் இருப்பவர்களுக்கும் கட்டுரையைத் திருத்திக் கொடுக்க எப்போதும் ஆள் இருந்தார்கள். காசு கொடுத்துத் திருத்த ஆள் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அதையெல்லாம் யாரும் குறையாகச் சொன்னதில்லை. அந்த வசதி இல்லாத பிள்ளைக்கு முதன்முறையாகச் செலவில்லாமல் ஒரு திருத்துநர் கிடைத்திருக்கும்போது, அது மட்டும் நேர்மைக் கேடு என்று சொன்னால் நாம் ஏற்க முடியாது.

ஆனால் மொழித் திருத்தம் அவ்வளவு சாதுவானதும் இல்லை. 2025 அக்டோபரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. பெங்களூரில் சமூகவியல் முனைவர் பட்ட மேலாய்வுக்கு விண்ணப்பித்த ஒரு தலித் ஆய்வாளர், தம் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைச் சீர்செய்யச் சாட்ஜிபிடியிடம் கொடுத்திருக்கிறார். அது ஆங்கிலத்தைச் சீராக்கியது. கூடவே அவர் பெயரோடு ‘சர்மா’ என்று சேர்த்துவிட்டது. விண்ணப்பத்தில் அவர் குடும்பப் பெயரே இல்லை. மின்னஞ்சல் முகவரியில் இருந்த ‘எஸ்’ என்ற ஓர் எழுத்தைப் பார்த்து, ஆய்வு செய்கிறவர் என்றால் சர்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதுபோல் கருவி நிரப்பிக்கொண்டது. அதே இதழ் நடத்திய சோதனையில், சாதி சார்ந்த வாக்கியங்களை நிரப்பச் சொன்னபோது பெரும்பாலானவற்றில் கருவி சாதிய முன்முடிவையே தேர்ந்தெடுத்தது.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. மனிதர்கள் இதுவரை எழுதிக் குவித்ததில் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் இந்தக் கருவியின் வேலை. யார் அதிகம் எழுதினார்களோ அவர்களின் பார்வை அதில் அதிகம் இருக்கும். அறிஞர் என்றால் எந்தப் பெயர், கூலி என்றால் எந்தப் பெயர் என்பதை அது அந்தக் குவியலிலிருந்தே கற்றது.

பெயர் மாறினால் கண்ணில் பட்டுவிடும். சொல் மாறினால் படாது. நாம் ‘ஒடுக்கப்பட்ட சாதி’ என்று எழுதியது நடை சீராகி ‘கீழ்ச்சாதி’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகத் திரும்பி வரலாம். ‘சேரி’ என்பது நகரத்துக் குடிசைப் பகுதியாகிவிடலாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள் என்று நாம் எழுதினால், தீ விபத்தில் உயிரிழந்தார்கள் என்ற தொனியில் ஒரு ‘நடுநிலை’ வாக்கியம் கிடைக்கலாம். கொளுத்தியவர்கள் வாக்கியத்திலிருந்து காணாமல் போவார்கள். இலக்கணம் சரியாக இருக்கும், உண்மை மாறியிருக்கும். மொழி வேறு, கருத்து வேறு என்ற பிரிவினை மற்றவர்களுக்கு ஓரளவு செல்லுபடியாகலாம். சொற்களுக்காகவே நூறாண்டு போராடிய நமக்கு அது செல்லாது. காற்புள்ளியை மாற்ற மறுத்த அண்ணலின் பிடிவாதம் நமக்கு இங்கே தேவைப்படுகிறது. கருவி திருத்திக் கொடுத்ததை நம் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடாமல் அனுப்பக் கூடாது.

கண்டுபிடிக்கும் கருவி யாரைப் பிடிக்கிறது?

விதி என்று ஒன்று வந்தால் அதை மீறுகிறவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் கருவிகள் வந்துவிட்டன. இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருட்டைக் கண்டுபிடிக்கும் பழைய மென்பொருள், உங்கள் வாக்கியம் எந்த நூலில், எந்தக் கட்டுரையில் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக் காட்டும். அதைத் திறந்து பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம். செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிக்கும் மென்பொருளால் அப்படி மூலம் எதையும் காட்ட முடியாது. சொற்கள் எளிதில் ஊகிக்கக்கூடிய வரிசையில் வருகின்றனவா என்று பார்த்து, இது கருவி எழுதியதாக இருக்கலாம் என்று ஒரு சதவீதம் சொல்லும். அது ஊகம், சாட்சியம் இல்லை.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள் பழக்கமான சொற்களை, பாதுகாப்பான வாக்கிய அமைப்புகளைப் பயன்படுத்துவது இயல்பு. கண்டுபிடிக்கும் கருவிக்கு அதுவே குற்றமாகப் படுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேலானவற்றைக் கருவி எழுதியவை என்று அவை சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஏறக்குறைய சரியாக இனம் கண்டன. அந்த டோஃபல் கட்டுரைகளையே சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை வளமாக்கச் சொன்னபோது, தவறான குற்றச்சாட்டு வெகுவாகக் குறைந்தது. சொந்தமாக எழுதியவர் மாட்டிக்கொள்கிறார், கருவியைப் பயன்படுத்தியவர் தப்பிக்கிறார்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிட்டின் மென்பொருளின் கண்டறியும் வசதியை 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. தன் சதவீதத்தை மட்டும் வைத்து மாணவர் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று டர்னிட்டின் நிறுவனமே சொல்கிறது.

நம் நாட்டிலும் வழக்கு நடந்திருக்கிறது. ஹரியானாவின் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை படித்த மாணவர் ஒருவர், அவர் விடைத்தாளில் 88 சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று தோல்வி அறிவிக்கப்பட்டார். 2024இல் அவர் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பல்கலைக்கழகம் முடிவை மாற்றிக்கொள்ள, வழக்கு முடிந்தது. அவர் சட்டம் படித்தவர், நீதிமன்றம் போகத் தெரிந்தவர். நெறியாளர் முகம் சுளித்தாலே ஊருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கும் நம் பிள்ளை எங்கே போவார்?

யுஜிசி விதியில் நமக்கு இருக்கும் பிடிமானம்

ஆய்வேட்டுத் திருட்டு பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே இரத்து.

இந்த விதிகள் எழுதப்பட்டபோது சாட்ஜிபிடி இல்லை. இவற்றில் இருக்கும் சதவீதங்கள் ஒப்புமைச் சதவீதங்கள். ஒரு மென்பொருள் தரும் ‘செயற்கை நுண்ணறிவுச் சதவீதத்தை’ இந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது இரண்டு வேறு அளவுகளைக் குழப்புவது. எடைக்கல்லை வைத்து நீளம் அளக்க முடியாது.

நமக்குப் பயன்படுகிற வேறொன்று இதே விதிகளில் இருக்கிறது. புகார் வந்தால் முதலில் துறை அளவிலான குழு, பிறகு நிறுவன அளவிலான குழு விசாரிக்க வேண்டும். இரண்டுமே இயற்கை நீதிக் கோட்பாட்டைப் பின்பற்ற வேண்டும். ஒவ்வொன்றும் 45 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அதாவது குற்றச்சாட்டு என்ன, ஆதாரம் என்ன என்று மாணவருக்குச் சொல்ல வேண்டும், அவர் பதிலைக் கேட்க வேண்டும். திருட்டுக்கே இந்த உரிமை உண்டு என்றால், வெறும் ஊகத்தின் பேரில் சந்தேகிக்கப்படுகிறவருக்கு அது இல்லை என்று சொல்ல முடியாது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? பட்டியல் சாதி மாணவர்க்கான தேசிய உதவித்தொகைக்குக் கால வரம்பு உண்டு. ஆறு மாதம் தள்ளிப்போனால் வசதியுள்ளவருக்கு ஆறு மாதம் போகும்; நம் பிள்ளைக்கு விடுதி, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்பும் பணம், கடைசியில் ஆய்வே போகும். 2007இல் தோரட் குழு டெல்லி எய்ம்ஸ் பற்றிச் சொன்னதும், 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவின் மரணம் நாடு முழுவதும் எழுப்பிய கேள்வியும், பல்கலைக்கழகத்துக்குள் சாதி எப்படி அலுவலக நடைமுறையின் உருவத்தில் வேலை செய்கிறது என்பதைத்தான். ‘இவ்வளவு நல்ல ஆங்கிலம் நீ எழுதியதா?’ என்ற கேள்வி செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன்பே நம்மிடம் கேட்கப்பட்டது. இப்போது அந்தக் கேள்விக்கு ஒரு சதவீதக் கணக்கும் துணைக்கு வந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

மாணவர்கள் இன்றிலிருந்தே சில பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். எழுதும் ஒவ்வொரு வரைவையும் தேதியோடு தனித்தனிக் கோப்பாக வைத்திருங்கள். களக் குறிப்பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நெறியாளர் திருத்திக் கொடுத்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் எழுத்து வளர்ந்த வழியைக் காட்டும் இந்தத் தாள்களைவிட வலுவான சாட்சியம் கிடையாது.

கருவியைப் பயன்படுத்தினால் எதற்கு என்று பிரித்து எழுதி வையுங்கள். சொந்த எழுத்தின் இலக்கணத்தைத் திருத்துவது ஒன்று. நேர்காணலை மொழிபெயர்ப்பதும் தரவை வகைப்படுத்துவதும் ஆய்வுமுறையின் பகுதி. அவற்றை ஆய்வுமுறை அத்தியாயத்தில் சொல்ல வேண்டும். வாதத்தையே எழுதச் சொல்லி வாங்கினால் அது உங்கள் ஆய்வு ஆகாது. வைவாவில் பதில் சொல்ல முடியாத வரி உங்கள் வரி இல்லை. அறிவிப்பு எழுதுவது கடினமான காரியமும் இல்லை. இப்படி நான்கு வரி போதும்:

‘இக்கட்டுரையின் ஆங்கில வடிவத்தில் இலக்கணத்தைச் சீர்செய்ய இந்தக் கருவியை இந்த மாதத்தில் பயன்படுத்தினேன். திருத்தங்கள் அனைத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். நேர்காணல் பதிவுகள் எவற்றையும் கருவியில் ஏற்றவில்லை. தரவு, மேற்கோள், வாதம், சொல்தேர்வு அனைத்துக்கும் நானே பொறுப்பு.’

இயக்கத் தோழர்களும் ஆசிரியர் சங்கங்களும் பல்கலைக்கழகங்களிடம் கேட்க வேண்டியவை நான்கு. எது அனுமதி, எது தடை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் கொடுங்கள். நெறியாளருக்கு நெறியாளர் வேறுபடும் வாய்மொழி விதி வேண்டாம். கண்டறியும் மென்பொருளின் சதவீதத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் மாணவரை உட்காரவைத்துப் பேசுங்கள், வரைவுகளைப் பாருங்கள்; விசாரணைக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதி ஒருவர் இருக்கட்டும். விசாரணையால் தாமதமானால் அந்தக் காலத்துக்கு உதவித்தொகையை நிறுத்தாதீர்கள்.

நம் மன்றங்களும் சும்மா இருக்க முடியாது. காசு கொடுத்துத் திருத்துநரை வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நம் தோழர்கள் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து கட்டுரை படித்துக் கொடுக்கலாம். ‘சேரி’ என்று எழுதியதை ஏன் மாற்றக் கூடாது என்று கருவிக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். நம் சிறுபத்திரிகைகளும் வெளியீடுகளும் தங்களுக்கென்று ஒரு பக்க விதியை எழுதி முன்பக்கத்தில் போடலாம். அதில் கருவியைப் பற்றி இரண்டு வரி இருக்கட்டும்; தகவல் தந்தவர்களுக்கும் களத்தில் உழைத்தவர்களுக்கும் பெயர் தருவது பற்றி இரண்டு வரி இருக்கட்டும்.

இந்தக் கல்வியாண்டில் ஆய்வேடு கொடுக்கவிருக்கும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும், அங்கே எழுத்தில் விதி இருக்கிறதா இல்லையா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கெங்கே இல்லையோ அங்கெல்லாம் முதல் கடிதத்தை மன்றத்தின் பெயரில் அனுப்புவோம்.

ஜெய்பீம்.